மெனின்ஜியோமா என்று எழுதியிருந்த கட்டி

எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசி வரியில் பெரும்பாலும் ‘மெனின்ஜியோமா’ என்றுதான் எழுதியிருக்கும். எழுதிய மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. மண்டையோட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டு, மூளையை வெளியிலிருந்து உள்ளே அழுத்தியபடி ஒரு கட்டி. மருந்து ஏற்றி எடுத்த படத்தில் அது ஒரே சீராக வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. ஓரத்தில் உறையோடு ஓடி மெலிந்து முடியும் வால் ஒன்றும் தெரிகிறது. நோயாளி நடுத்தர வயதுப் பெண். இத்தனையும் சேர்ந்தால் எந்த ஊர் ரேடியாலஜிஸ்டும் அந்தப் பெயரைத்தான் முதலில் எழுதுவார். உடம்பின் வேறு பகுதியிலிருந்து பரவி வராமல், மூளையிலும் அதன் உறைகளிலும் பெரியவர்களுக்குத் தோன்றும் கட்டிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் மெனின்ஜியோமாதான். அதுவும் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

அந்தப் பெயர் பொய்த்துப்போகும் சிலரைப் பற்றியது இந்தக் கட்டுரை. கட்டியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிச் சில நாள் கழித்து வரும் தாளில், ‘டியூராவின் மார்ஜினல் ஸோன் லிம்போமா’ என்றிருக்கும். லிம்போமா என்றால் நிணநீர்ப் புற்றுநோய். மூளை, புற்றுநோய் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் கேட்ட குடும்பம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நோயாளியின் அறைக்கு வெளியே மருத்துவரை நிறுத்தி, “இன்னும் எத்தனை மாசம் டாக்டர்?” என்று கேட்பார்கள். இந்த நோயில் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பலரையும் ஆச்சரியப்படுத்தும். மாதக் கணக்கு இங்கே கிடையாது. வருடக் கணக்குதான், பலர் தங்கள் ஆயுளை முழுதாக வாழ்ந்துவிடுகிறார்கள்.

மூளையை ஒட்டி வரும் லிம்போமாக்களில் மிகச் சாதுவானவற்றில் இது ஒன்று. அதனால்தான் இதைச் சரியாக அடையாளம் காண்பது இவ்வளவு முக்கியமாகிறது. மெனின்ஜியோமா என்று நினைத்துத் தேவைக்கு மேல் வெட்டிவிடவும் கூடாது. மூளை லிம்போமா என்று பயந்து, கடும் நோய்க்கென்று வைத்திருக்கும் கடும் சிகிச்சையைக் கொடுத்துவிடவும் கூடாது. இந்த இரண்டு தவறுக்கும் நடுவேதான் நோயாளியின் நலன் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். தேங்காயை உடைத்தால் ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே பழுப்புத் தோல் ஒன்று இருக்குமே, அப்படி மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே உறைகள் இருக்கின்றன. மொத்தம் மூன்று அடுக்கு. எலும்பை ஒட்டிய தடித்த வெளியடுக்குதான் டியூரா. அதற்குள் அராக்னாய்டு, அதற்கும் உள்ளே, மூளையின் மடிப்புகளோடு ஒட்டியபடி பையா. மூளைக்கு வலி தெரியாது, டியூராவுக்குத் தெரியும். முகத்துக்கு உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பு அங்கேயும் கிளை விட்டிருக்கிறது. டியூராவில் வளரும் கட்டி தலைவலியாக வெளிப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டியூராவைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ரத்தம் கொடுப்பது பெரும்பாலும் முகத்துக்கும் உச்சந்தலைக்கும் ரத்தம் கொண்டுபோகும் வெளிக் கழுத்துத் தமனியின் கிளைகள். மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் சுவர் மிக இறுக்கமானது. பெரும்பாலான மருந்துகளை அது உள்ளே விடாது. ரத்த-மூளைத் தடுப்பு என்று அதைச் சொல்வார்கள். டியூராவின் குழாய்களுக்கு அந்தத் தடுப்பு இல்லை. சிகிச்சை பற்றிப் பேசும்போது இந்த ஒரு உண்மை எல்லாவற்றையும் மாற்றப்போகிறது.

இனி நோயின் கதை. அது தலையில் தொடங்கவில்லை, வயிற்றில் தொடங்குகிறது. 1983இல் பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற இரண்டு பிரிட்டிஷ் நோய்க்குறியியல் வல்லுநர்கள், இரைப்பையிலும் குடலிலும் வரும் சில லிம்போமாக்கள் நெறிகட்டிகளில் வரும் லிம்போமாக்களைப் போல நடந்துகொள்வதில்லை என்று கவனித்து எழுதினார்கள். அவை தோன்றிய இடத்திலேயே வெகுகாலம் கிடந்தன, மெதுவாக வளர்ந்தன. உறுப்புகளின் உட்சவ்வை ஒட்டிய நிணநீர்த் திசுவிலிருந்து வருபவை என்பதால் அவற்றுக்கு ‘மால்ட்’ லிம்போமா என்று பெயர் வைத்தார்கள். மார்ஜினல் ஸோன் லிம்போமாவின் ஒரு வகைதான் இது. ஆனால் இயல்பான இரைப்பையில் அப்படிப்பட்ட நிணநீர்த் திசுவே கிடையாது. இல்லாத இடத்தில் எப்படி வந்தது?

பதில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், அதற்கு ஒரு வருடம் முன்பே கிடைத்திருந்தது. ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியை 1982இல் ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தார்கள். 2005இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். அந்தக் கிருமி வருடக்கணக்கில் இரைப்பையைப் புண்ணாக்க, அதை எதிர்க்க வந்த பி-லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் அங்கேயே குடியேறிப் பெருகின. அவற்றில் ஒரு வம்சம் மட்டும் நிற்காமல் பெருகத் தொடங்கும்போது அது லிம்போமா ஆகிறது. 1993இல் ஐசக்சனின் குழு, இரைப்பை மால்ட் லிம்போமா வந்த ஆறு பேருக்குக் கிருமியை ஒழிக்கும் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துப் பார்த்தது. ஐந்து பேருக்குக் கட்டி வற்றியது. மாத்திரையால் ஒரு புற்றுநோய் பின்வாங்கிய அந்தச் செய்தி, இந்த வகை லிம்போமாவைப் பற்றிய எண்ணத்தையே புரட்டிப்போட்டது.

பிறகு வரிசையாகப் பல இடங்களில் இதைக் கண்டார்கள். கண்ணீரும் எச்சிலும் வற்றிப்போகும் ஷோக்ரன் நோய் உள்ளவர்களின் உமிழ்நீர்ச் சுரப்பியில், ஹாஷிமோட்டோ நோய் வந்த தைராய்டில், கண்ணைச் சுற்றி, நுரையீரலில், தோலில். பெரும்பாலான இடங்களில் நாள்பட்ட அழற்சியும் நிற்காத தூண்டலும் கூடவே இருந்தன.

டியூரா மட்டும் இந்தக் கணக்கில் இடிக்கிறது. அங்கே உட்சவ்வு இல்லை. என்ன கிருமி, என்ன அழற்சி என்று கேட்டால் கைகாட்ட எதுவும் அகப்படவில்லை. 1990களில் இதைப் பற்றிச் சில மருத்துவக் குழுக்கள் எழுதத் தொடங்கின. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் எலைன் ஜாஃபி பங்கேற்ற குழு 1997இல் டியூராவின் சாதுவான லிம்போமா மால்ட் வகையைச் சேர்ந்ததே என்று எழுதியது. 2005இல் இன்னொரு குழு பதினைந்து நோயாளிகளைத் திரட்டிப் பார்த்தது. பெண்கள் ஆண்களைப் போல் நான்கு மடங்கு, நடுத்தர வயது, வெளித்தோற்றத்தில் மெனின்ஜியோமா. பதினைந்து பேர் என்பது கேட்பதற்குச் சின்ன எண்ணிக்கை. இந்த நோயில் அதுவே பெரிய தொகுப்பு. மூளை, தண்டுவட லிம்போமாக்கள் அனைத்தையும் சேர்த்தாலும் டியூராவில் தொடங்குபவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட மூளைக் கட்டிகளின் வகைப்பாட்டில் ‘டியூராவின் மால்ட் லிம்போமா’ தனிப் பெயராக இடம்பெற்றிருக்கிறது.

ஏன் டியூரா என்ற கேள்விக்கு இரண்டு வழியில் யோசிக்கிறார்கள். அராக்னாய்டில் உள்ள சில செல்கள் உட்சவ்வின் செல்களைப் போன்றவை. மெனின்ஜியோமா பிறப்பதும் அவற்றிலிருந்துதான். லிம்போமாவுக்கும் அவையே படுகையாக இருக்கலாம் என்பது ஒன்று. மற்றது, டியூராவைப் பற்றி நாம் அண்மையில் கற்றுக்கொண்டது. அங்கே நிணநீர்க் குழாய்கள் கிடையாது என்றே பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 2015இல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே எலிகளின் டியூராவில் அந்தக் குழாய்களைக் காட்டின. இரண்டு வருடம் கழித்து மனிதர்களிடமும் எம்.ஆர்.ஐ. படத்தில் பார்த்துவிட்டார்கள். இத்தாலிய உடற்கூறியலாளர் பாவ்லோ மஸ்காஞ்ஞி 1787இலேயே இதை எழுதியிருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோய் எதிர்ப்புச் செல்கள் டியூராவில் எப்போதும் நடமாடுகின்றன என்று தெரிந்த பிறகு, அவற்றில் ஒன்று அங்கேயே கட்டியாவது முன்பு போல அவ்வளவு புதிராகத் தோன்றவில்லை.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது மெதுவாக வரும் நோய். முதலில் தலைவலி. கண்ணாடி மாற்றிப் பார்ப்பார்கள், சைனஸ் என்று ஆவி பிடிப்பார்கள், மைக்ரேன் மாத்திரை சாப்பிடுவார்கள். சிலருக்குத் தலைவலியே இல்லாமல் திடீரென்று ஒரு நாள் வலிப்பு வரும். கட்டி எந்த இடத்தை அழுத்துகிறதோ அதைப் பொறுத்து ஒரு கை மரத்துப்போவது, பார்வை இரண்டாகத் தெரிவது, முகத்தில் ஒரு பக்கம் உணர்ச்சி குறைவது என்று மாறும். காய்ச்சல், எடை இழப்பு, இரவில் நனைய நனைய வியர்ப்பது போன்ற லிம்போமாவின் வழக்கமான அடையாளங்கள் இங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. கழுத்திலோ அக்குளிலோ நெறியும் கட்டியிருக்காது. ரத்தப் பரிசோதனையும் ஒன்றும் சொல்லாது. ஆக, லிம்போமா என்று சந்தேகிக்க மருத்துவருக்கு எந்தத் துப்பும் கிடைக்காது. ஸ்கேன் எடுத்த பிறகுதான் கதை நகர்கிறது.

ஸ்கேனிலும் சில துப்புகள் உண்டு, தேடுபவர் கண்ணுக்கு மட்டும். மெனின்ஜியோமா பெரும்பாலும் ஒரே உருண்டையாக நிற்கும். பல நேரம் சுண்ணாம்பு படிந்திருக்கும். மேலே உள்ள எலும்பைத் தடிக்க வைத்திருக்கும். லிம்போமாவோ உறையோடு தகடாகப் பரவும், சில சமயம் இரண்டு மூன்று இடங்களில் இருக்கும், சுண்ணாம்பு படிவதில்லை. செல்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால் டிஃப்யூஷன் படத்தில் நீரின் அசைவு தடைப்பட்டுத் தெரியும். சி.டி. ஸ்கேனில் மட்டும் பார்த்தால் உறைக்கு அடியில் ரத்தம் கட்டியிருப்பதாகவும் தோன்றலாம். அப்படி நினைத்துத் திறந்து, உள்ளே கெட்டியான திசுவைக் கண்ட அறுவை மருத்துவர்களும் இருக்கிறார்கள். இந்தத் துப்புகளில் எதுவும் தீர்ப்பு ஆகாது. படத்தை வைத்து மட்டும் இதை உறுதிப்படுத்த முடியாது என்பதுதான் இந்த நோயைக் கையாண்டவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

டியூரா தடித்திருந்தால் யோசிக்க வேண்டியவை வேறும் உண்டு. நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது டி.பி. காசநோய் மூளையுறையைத் தகடாகத் தடிக்க வைக்கும். ஐ.ஜி.ஜி.4 நோய் என்ற அழற்சி இருக்கிறது, சார்காய்டோசிஸ் இருக்கிறது, மார்பகப் புற்றும் ப்ராஸ்டேட் புற்றும் டியூராவுக்குப் பரவுவதும் நடப்பதுதான். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்து இன்னொன்றைக் கெடுத்துவிடும். ஊகத்தில் ஒரு மருந்தைத் தொடங்கி, கேட்கிறதா பார்ப்போம் என்று மாதங்களைக் கழிப்பதைவிட, ஒரு துண்டு திசுவை எடுத்துப் பார்ப்பது எத்தனையோ மேல்.

இங்கேதான் ஸ்டீராய்டு பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டியைச் சுற்றி மூளை வீங்கியிருந்தால் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பது நரம்பியல் வார்டுகளில் அன்றாட வழக்கம். வீக்கம் வடியும், தலைவலி குறையும், நோயாளி எழுந்து உட்கார்வார், குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடும். மற்ற பெரும்பாலான கட்டிகளில் அது நோயைக் கண்டுபிடிப்பதைக் கெடுப்பதில்லை. லிம்போமாவில் கதை வேறு. லிம்போமா செல்களையே ஸ்டீராய்டு கொன்றுவிடுகிறது. மூளைக்குள் வரும் லிம்போமாக்களில் கட்டி சில நாளில் ஸ்கேனில் காணாமல்கூடப் போகும். குணமாகிவிட்டது என்று தோன்றும், ஆனால் அது திரும்பி வரும். நடுவில் எடுத்த பயாப்சியில் செத்த செல்களும் அழற்சியும் மட்டும்தான் இருக்கும். நோய்க்குப் பெயர் வைக்க வழியில்லாமல் போய்விடும். மறுபடியும் மண்டையைத் திறக்க வேண்டிவரும்.

அதனால் லிம்போமா என்ற சந்தேகம் இம்மியளவு இருந்தாலும், உயிருக்கு ஆபத்தான அழுத்தம் இல்லாதவரை, திசு எடுக்கும் வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைக்க வேண்டும். அதற்கு ஊசியோ கருவியோ தேவையில்லை, ஒரு செலவும் இல்லை. இந்த நோயில் மருத்துவர்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய உதவி அதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். நோயாளிகளும் ஒன்று செய்யலாம். ஏற்கெனவே வேறு காரணத்துக்கு, ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ, ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத மாத்திரை என்றால் அட்டையையே எடுத்துப் போய்க் காட்டலாம்.

அறுவை அரங்குக்குள் போவோம். மெனின்ஜியோமாவுக்கு ஒரு நியதி இருக்கிறது. கட்டி, அது ஒட்டியிருக்கும் டியூரா, பாதிக்கப்பட்ட எலும்பு மூன்றையும் எவ்வளவு முழுசாக எடுக்கிறோமோ அவ்வளவுக்கு அது திரும்பி வருவது குறையும். டொனால்ட் சிம்ப்ஸன் 1957இல் இதை ஐந்து படிகளாகப் பிரித்து எழுதினார். இன்றும் அறுவைக் குறிப்புகளில் அவர் பெயர் வருகிறது. மெனின்ஜியோமா என்ற பெயரையே 1922இல் வைத்த ஹார்வி குஷிங்குக்கும் இந்தப் போராட்டம் தெரியும். அமெரிக்கத் தளபதி லெனர்ட் உட்டுக்கு 1910இல் அவர் அந்தக் கட்டியை அகற்றினார். வெகுகாலம் கழித்து அது திரும்பி வந்தது. 1927இல் மீண்டும் நடந்த அறுவைக்குப் பின் உட் இறந்துபோனார்.

லிம்போமாவுக்கு இந்த நியதி பொருந்தாது. மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் நன்றாகக் கட்டுப்படும் ஒரு நோயை, கடைசித் துணுக்கு வரை துரத்தி வெட்ட வேண்டிய தேவை இல்லை. கட்டி உச்சந்தலைக்குக் கீழே ஓடும் பெரிய சிரை நாளத்தையோ, பார்வை நரம்பையோ ஒட்டியிருந்தால் இந்த வேறுபாடு மிகப் பெரியது. துரத்தினால் கை கால் விழலாம், பார்வை போகலாம். நிறுத்தினால் எதுவும் போகாது. எங்கே நிறுத்துவது என்று மருத்துவருக்கு எப்படித் தெரியும்? கட்டியின் ஒரு துணுக்கை அறுவை நடக்கும்போதே பேத்தாலஜிக்கு அனுப்பலாம். கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பரப்பி, சாயமேற்றி, சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். குஷிங்கின் கூடவே வேலை செய்த லூயிஸ் ஐசன்ஹார்ட் என்ற பெண் மருத்துவர் இந்த விரைவு முறையை 1930இல் குஷிங்கோடு சேர்ந்து வெளியிட்டார். மெனின்ஜியோமாவுக்கே உரிய சுழல்சுழலான அமைப்பு இல்லாமல், தனித்தனியான சின்ன உருண்டைச் செல்களாகக் கொட்டிக் கிடந்தால், “லிம்போமா மாதிரி இருக்கு சார், இன்னும் கொஞ்சம் திசு அனுப்புங்க” என்று அரங்குக்குத் தகவல் போகும். அந்த ஒரு தகவல் அறுவையின் போக்கையே மாற்றிவிடும்.

இறுதி அறிக்கை வரச் சில நாள் ஆகும். குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பு கொடுமையானது. தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. நுண்ணோக்கியில் தெரிவது சின்னச் சின்ன லிம்போசைட்டுகளும் பிளாஸ்மா செல்களும். பார்வைக்கு அவை அப்பாவிகள். அழற்சியிலும் இதே செல்கள்தான் வரும். வேறுபடுத்துவதற்கு ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்மா செல்கள் கப்பா, லாம்ப்டா என்ற இரண்டு வகைப் புரதங்களில் ஒன்றைச் செய்யும். அழற்சியில் இரண்டும் கலந்திருக்கும், கப்பா ஏறத்தாழ இரண்டு பங்கும் லாம்ப்டா ஒரு பங்குமாக. எல்லாச் செல்லும் ஒரே வகையைச் செய்கிறது என்றால், எல்லாம் ஒரே செல்லின் பிள்ளைகள். அதுதான் லிம்போமா.

அடுத்து, எந்த லிம்போமா? செல்லின் அடையாளப் புரதங்களை ஒவ்வொன்றாகச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். சி.டி.20 இருந்தால் பி-செல். சி.டி.5, சி.டி.10, சைக்ளின் டி1 மூன்றும் இல்லையென்றால் மற்ற சின்னச் செல் லிம்போமாக்கள் விலகிப்போகும். மிஞ்சுவது மார்ஜினல் ஸோன். கடைசியாக கி-67 என்ற சாயம், எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும். இந்த நோயில் அந்த எண் தாழ்வாகவே இருக்கும். அறிக்கையில் குடும்பம் முதலில் தேட வேண்டிய எண்ணும் அதுதான். சில கட்டிகளில் பிளாஸ்மா செல்கள் ஐ.ஜி.ஜி.4 வகையாகவும் இருக்கின்றன. அதைப் பார்த்து அழற்சி நோய் என்று நிறுத்திவிடாமல், கப்பா-லாம்ப்டா கணக்கைச் சரிபார்ப்பவர்தான் நல்ல பேத்தாலஜிஸ்ட். சந்தேகம் தீராவிட்டால் மரபணுச் சோதனை இருக்கிறது. லிம்போமாக்களையே அன்றாடம் பார்க்கும் இன்னொரு மையத்துக்கு திசு பதித்த அதே பாரஃபின் கட்டையையும் ஸ்லைடுகளையும் அனுப்பி இரண்டாவது கருத்து கேட்பது, மருத்துவரை அவமதிப்பதாகாது. இவ்வளவு அரிய நோயில் அது அவசியம்.

பெயர் உறுதியான பின், நோய் டியூராவோடு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உடல் முழுவதற்கும் பெட்-சி.டி., முதுகுத் தண்டின் எம்.ஆர்.ஐ., இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை, முதுகில் நீர் எடுத்துச் சோதனை, கண் மருத்துவரிடம் ஒரு பரிசோதனை, எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி கிருமிகளுக்கு ரத்தம். மற்ற இடத்திலிருந்து டியூராவுக்கு வந்ததா, டியூராவில்தான் தொடங்கியதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். பெரும்பாலோருக்கு நோய் உறையை விட்டு நகர்ந்திருக்காது.

சிகிச்சையில் முதலிடம் கதிர்வீச்சுக்கு. நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று மக்கள் சொல்வது இதைத்தான். லிம்போசைட்டுகள் கதிர்வீச்சுக்கு மிக எளிதில் பணியும் செல்கள். மூளைக்குள் வரும் க்ளியோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டிக்கு வழக்கமாக 60 கிரே அளவு கொடுக்கிறார்கள். சாதுவான லிம்போமாவுக்கு 24 கிரே, பன்னிரண்டு தவணைகளில், போதும். பிரிட்டனில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, 40-45 கொடுத்தாலும் 24 கொடுத்தாலும் பலன் ஒன்றுதான் என்று காட்டியது. இன்னும் குறைத்து 4 கிரே மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. அதற்கும் பலருக்குக் கட்டி சுருங்கியது, ஆனால் 24 அளவுக்கு நிலைக்கவில்லை. மூளை முழுவதற்கும் கொடுக்க வேண்டியதில்லை. முகத்துக்கு வார்த்த வலைமுகமூடியால் தலையை அசையாமல் பிடித்து, நோயிருந்த பகுதிக்கும் அதன் ஓரத்துக்கும் குறிவைக்கிறார்கள். அந்த இடத்து முடி கொட்டும், சோர்வு இருக்கும். ஞாபகசக்தியைக் கெடுக்கும் முழுமூளைக் கதிர்வீச்சின் கெடுதல்கள் இங்கே மிகப் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை.

அடுத்தது ரிடக்ஸிமாப். இங்கே முன்பு சொன்ன சி.டி.20 மறுபடி வருகிறது. ஜார்ஜஸ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும் 1975இல் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதே தொழில்நுட்பத்தால்தான் பேத்தாலஜிஸ்ட் சி.டி.20ஐச் சாயமேற்றிப் பார்க்கிறார், அதே சி.டி.20ஐப் பிடித்துச் செல்லைக் கொல்லும் மருந்துதான் ரிடக்ஸிமாப். அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது. அது பெரிய மூலக்கூறு. ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி மூளைக்குள் அதிகம் போகாது. டியூராவுக்கு அந்தத் தடுப்பு இல்லாததால் கட்டியை அது எட்டிவிடுகிறது. வாரம் ஒன்றாக நான்கு முறை சொட்டுமருந்தாக ஏற்றுவது வழக்கமான முறைகளில் ஒன்று. முதல் தடவை குளிரும் காய்ச்சலும் வரலாம். அதனால் மெதுவாக ஏற்றுவார்கள். இந்தியாவில் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007இல் இதே மருந்தின் உள்நாட்டு வடிவத்தைக் கொண்டுவந்த பிறகு விலை கணிசமாகக் குறைந்தது. பல குடும்பங்களுக்கு இது எட்டும் மருந்தானது அதற்குப் பிறகுதான்.

ரிடக்ஸிமாபுக்கு முன் மஞ்சள்காமாலை பி சோதனை செய்யாமல் விடவே கூடாது. எப்போதோ வந்து அடங்கிக் கிடக்கும் அந்தக் கிருமியை இந்த மருந்து எழுப்பிவிடும். கல்லீரல் செயலிழந்து உயிர் போகும் அளவுக்குக்கூட. பழைய தொற்றின் அடையாளம் இருந்தால் கூடவே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுத்துப் பாதுகாக்கலாம். புற்றுநோயிலிருந்து தப்பியவர் காமாலையில் போகாமல் இருக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

கட்டி முழுவதும் அறுவையிலேயே வந்துவிட்டது, வேறெங்கும் நோய் இல்லை என்றால், சிலருக்கு மேற்கொண்டு எதுவும் கொடுக்காமல் கவனித்து வருவதும் உண்டு. நோய் பல இடங்களில் இருந்தால் ரிடக்ஸிமாபோடு பெண்டமஸ்டின் போன்ற மருந்தைச் சேர்ப்பார்கள். எது யாருக்கு என்பதை வயது, கட்டியின் இடம், மற்ற நோய்கள் எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் நடத்தும் அளவுக்கு நோயாளிகள் இல்லாத நோய் இது. அதனால் நரம்பு அறுவை மருத்துவர், ரத்தப் புற்று மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் மையமாகப் பார்த்துப் போவது நல்லது.

பொதுவாகத் தேவைப்படாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மூளைத் திசுவுக்குள்ளேயே வரும் லிம்போமா வேறு நோய். அது வேகமாக வளரும் பெரிய செல் லிம்போமா. அதற்கு மெதோட்ரெக்சேட்டை மிக உயர்ந்த அளவில், மருத்துவமனையில் படுக்கவைத்து, சிறுநீரகத்தைக் காத்தபடி ஏற்றுகிறார்கள். தடுப்பைத் தாண்டி மூளைக்குள் மருந்து போக வேண்டும் என்பதுதான் அதன் காரணம். டியூராவோடு நிற்கும் சாதுவான லிம்போமாவுக்கு அந்தக் காரணமே இல்லை. இணையத்தில் ‘மூளை லிம்போமா’ என்று தேடும் குடும்பத்தார் படிப்பது அந்த இன்னொரு நோயின் சோகக் கணக்குகளைத்தான். மருத்துவர் முதல் சந்திப்பிலேயே, “அம்மா, நீங்க நெட்டுல படிச்சது உங்க நோயைப் பத்தி இல்ல” என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அன்று இரவு எல்லோரும் தூங்குவார்கள்.

சிகிச்சைக்குப் பின் முதல் ஒன்றிரண்டு வருடம் சில மாதங்களுக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், பிறகு இடைவெளியைக் கூட்டுவார்கள். இந்த நோய் திரும்பி வரக்கூடியது; அதே இடத்தில் வரலாம், பல வருடம் கழித்து உடம்பின் வேறு பகுதியிலும் தலைகாட்டலாம். அப்படி வந்தாலும் பெரும்பாலும் மறுபடி சிகிச்சைக்குக் கட்டுப்படுகிறது. அபூர்வமாகச் சிலருக்கு அது வேகமான லிம்போமாவாக மாறும். கட்டி திடீரென்று பெருத்தாலோ, பெட் ஸ்கேனில் முன்பைவிட மிகப் பிரகாசமாகத் தெரிந்தாலோ மீண்டும் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சமயத்திலும் பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு கூடாது என்ற விதி அப்படியே பொருந்தும். முதல் அறுவையின் ஸ்லைடுகள், பாரஃபின் கட்டை, பேத்தாலஜி அறிக்கை, ஸ்கேன் சி.டி.க்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வீட்டில் பத்திரமாக வைத்திருப்பது, எட்டு பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போய் நிற்கும்போது கைகொடுக்கும்.